பதினொரு மரங்களும் π என்ற எழுத்தும்

1.

இருந்தவர்கள் நான்கு பேர். மூக்காயி தரையில், சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டியபடி. அவர் புருஷன் அழகமுத்து வாசற்படியில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, பீடி பற்றவைக்கத் தோதாக. அந்தனி கங்காணி கவிழ்த்துப் போட்ட பால் வாளியின் மேல். நான் சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டை வாங்கில், மடியில் பலகையும் பலகையில் தாளுமாக.

இடம் தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்துப் பிள்ளைக் காம்பிரா. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலியாக இருந்தது. ஆண்டு 1994. தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போய் இரண்டு வருடம்.

இந்தக் கதை அந்த அறையில் பிறந்தது என்றுதான் முதலில் எழுதினேன். அது சரியில்லை. ஒன்பது வருடம் கழித்து, போன மாதம், பஸ் நிலையத்தில் அந்தனி கங்காணி சொன்ன ஒரு செய்தியில் பிறந்தது. அதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன். எதற்கும் இலக்கம் போடுவது என் பழக்கம். ஊரார் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக் கொடுப்பவன் நான்; ஒவ்வொன்றுக்கும் காபன் பிரதி எடுத்து, இலக்கமிட்டு வைத்திருக்கிறேன். அன்று எழுதியது 412.

2.

முதல் தொடக்கம் (அடித்துவிட்டேன்):

π கிரேக்க நெடுங்கணக்கின் பதினாறாவது எழுத்து. இரண்டு கால், மேலே ஒரு கூரை. சுவர் எழுப்பாமல் விட்ட லயத்துக் காம்பிரா போல அது —

(உவமை கொஞ்சம் நன்றாக வந்துவிட்டதால் நிறுத்தினேன். நன்றாக வரும் வாக்கியங்களை நம்பாத வயதுக்கு வந்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்:

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒரு பால்மா டின்னைச் சுற்றி நூலைக் கட்டினார். அந்த நூலை டின்னின் வாய்க்குக் குறுக்கே வைத்து அளந்தார். மூன்று தடவை போயிற்று, கொஞ்சம் மிஞ்சியது. பிறகு வாளி, பிறகு பீப்பாய். எதிலும் மூன்று தடவையும் கொஞ்சமும். "அந்த மூன்றும் கொஞ்சமும்தான் இது" என்று கரும்பலகையில் π போட்டார். பக்கத்திலேயே 22/7.

இதை அடிக்கவில்லை. உண்மையாக நடந்தது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு எனக்கு வெறும் எஸ், மட்டுமட்டான தேர்ச்சி. ஆனால் அந்த ஒரு எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டது. கோயில் கிணற்றுக்கு வளையம் வார்க்கக் கணக்குச் சொல்லியிருக்கிறேன். பால் சேர்க்கும் தொட்டி எத்தனை கலன் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறேன். திருவிழாவில் கடன் வாங்கிய அண்டாவில் எத்தனை பேருக்குச் சோறு வேகும் என்றுகூட. தாளில் அந்த எழுத்தைப் போட்டதும் சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

3.

விஷயம் இதுதான். றப்பர் மரத்தில் நாலடி உயரத்தில் சுற்றளவு இருபது அங்குலம் வந்த பிறகே பால் எடுக்கக் கத்தி வைக்கலாம். அதற்கு முன் வெட்டினால் மரம் கெடும். ஆள் குறைந்த பிறகு அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களே தங்கள் மலையை, அதாவது தங்களுக்கு ஒதுக்கிய மரங்களை, அளந்துகொள்ள வேண்டியதாயிற்று. இருபது அங்குலத்தில் முடிச்சுப் போட்ட கயிறு. மரத்தைச் சுற்றிப் பிடித்தால் கயிற்றின் முனை முடிச்சை எட்டக் கூடாது. எட்டாவிட்டால் மரம் பருத்துவிட்டது, வெள்ளைப் பொட்டு வைக்கலாம்.

கம்பெனியிலிருந்து ஒரு ஐயா வந்தார். கையில் நண்டுக்கொடுக்குப் போல ஓர் இரும்புக் கருவி. மரத்தைக் குறுக்கே கவ்வி அளந்தார். மூக்காயியின் மலையில் பொட்டு வைத்து வெட்டத் தொடங்கிய பதினொரு மரங்கள் ஆறு அங்குலம்தான் என்று எழுதிக்கொண்டு போனார். பிஞ்சு மரத்தை வெட்டியதற்கு ஏழு நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் சரியில்லையென்றால் பேர் வெட்டுவார்கள். பேர் போனால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும்.

"ரெண்டு வரி, மன்னிச்சுக்கோங்கன்னு எழுதிப்புடுங்க தம்பி," என்றார் அந்தனி கங்காணி. "தொரை மனசு எளகுவாரு."

"நான் என்ன களவா எடுத்தேன், மன்னிச்சுக்கோங்கன்னு சொல்ல?" என்றார் மூக்காயி. "கயிறு போட்டுத்தான பொட்டு வச்சேன். ஒவ்வொரு மரமா கட்டிப் புடிச்சு."

"என்னைய ஒரு நா அப்புடிப் புடிச்சதில்ல," என்று வாசற்படியிலிருந்து அழகமுத்து சொன்னார்.

"நீ இருவது அங்குலம் வந்தா பாப்போம்."

நான் தாளில் எழுதினேன்: 6 × 22/7 = 18.86, இருபதை எட்டவில்லை. π போட்டுக் காட்டினேன். இது பை என்றேன்.

"எந்தப் பை தம்பி? சீனி வாங்குறதா?" என்றார் அழகமுத்து.

"ஒரு எழுத்துங்க. கிரேக்க எழுத்து."

"அந்த ஊர்ல றப்பர் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப அவனுக்கு என்ன தெரியும்?"

அந்தனி கங்காணி சிரித்தார். நானும் சிரித்தேன். மூக்காயி சிரிக்கவில்லை.

"தம்பி, மரம் என்ன சட்டியா, ஒரே உருண்டையா இருக்க? அது சரிவுல நிக்கிது. ஒரு பக்கம் சப்பையா இருக்கும், ஒரு பக்கம் பொடைச்சிருக்கும். அந்த ஐயா பாதையில நின்னமேனிக்கே அந்த நண்டுக்கொடுக்குக் கருவிய நீட்டுனாரு. மேல ஏறவே இல்ல. வாங்க, போயிப் பாத்துருவோம்."

ஒன்றரை மைல். ஏற்றம். மழை தூறிக்கொண்டிருந்தது; அட்டை இருக்கும். எனக்கு அன்று இன்னும் இரண்டு வீட்டில் கடிதம் இருந்தது. ஒரு மரணச் சான்றிதழ், ஒரு பள்ளிக்கூட அனுமதி.

"கணக்கு பொய் சொல்லாதுங்கக்கா," என்றேன்.

4.

இந்த இடத்தில் எனக்கு மூக்காயி என்ற பாத்திரத்தின் மீது சந்தேகம் வந்தது. போன வாரத்துப் பிரதியில் அவர் எழுந்து, தாளை என் மடியிலிருந்து பறித்து, நாலாகக் கிழித்து —

கிழிக்கவில்லை. எனக்கு வசதியாக இருந்ததால் கிழிக்க வைத்தேன். அவர் கிழித்திருந்தால் நான் வெறும் முட்டாளாக மட்டும் இருந்திருப்பேன். முட்டாளைப் பற்றிக் கதை எழுதுவது சுலபம்.

நடந்தது இது. கணக்கு பொய் சொல்லாது என்றதும் மூக்காயி தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "நெசமாவா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப எனக்குத்தான் அளக்கத் தெரியல போல," என்றார். எழுதுங்க என்றார்.

எழுதினேன். அறியாமையால் பிழையாக அளந்துவிட்டேன், இனி இவ்வாறு நிகழாது, கருணை கூர்ந்து மன்னிக்கவும். கணக்கையும் கீழே போட்டேன். துரை மதிப்பார் என்று நினைத்தேன். நான்கு எழுத்தில் கையெழுத்து வைத்தார்.*

* மூன்றாம் வகுப்புவரை படித்தவர். 'யி'யின் சுழி எப்போதும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். என் காபன் பிரதியிலும் இறங்கியிருக்கிறது.

5.

பத்தாம் நாள் பதில் வந்தது. குற்றத்தை நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதால் மேலும் விசாரணை தேவையில்லை. பேர் வெட்டப்பட்டது. காம்பிராவை ஒரு மாதத்தில் விட வேண்டும்.

மறுநாள் நான் தனியாக அந்த மலைக்குப் போனேன். ஏன் போனேன் என்பதற்கு இந்தக் கதையில் நான்கு காரணங்கள் எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். போனேன், அவ்வளவுதான். தையல்காரர் அஸீஸிடம் இரவல் வாங்கிய அளவு நாடா கையில் இருந்தது.

முதல் மரம்: பாதைப் பக்கமிருந்து குறுக்கே ஆறு. மேலே ஏறி, மற்றப் பக்கம் குறுக்கே ஏழு. சுற்றி இருபதும் கால்வாசியும் வந்தது. இரண்டாவது இருபதரை. சறுக்கிச் சறுக்கிப் பதினொன்றையும் அளந்தேன். பத்து தேறின. ஒன்று பத்தொன்பதே முக்கால்.

π வட்டத்துக்குச் சொன்ன கணக்கு. வட்டமில்லாத ஒன்றை வட்டமென்று நினைத்து அதைப் போட்டவன் நான். அந்த எழுத்தின் மேல் பிழையில்லை.

இப்போது வாசகருக்கு ஒரு கேள்வி வரும்: உடனே இரண்டாவது கடிதம் எழுதியிருக்கலாமே? காம்பிராவை விட இன்னும் ஒரு மாதம் இருந்ததே?

எழுதலாம். எழுத உட்கார்ந்தேன். 'முன்னர் அனுப்பிய கடிதத்தில் கண்ட கணக்கு' என்று தொடங்கி —

முதல் கடிதம் ஒன்று சொல்ல, இரண்டாம் கடிதம் வேறு சொன்னால் இரண்டையும் நம்ப மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு காரணம்தான். இன்னொன்று: அந்தத் தோட்டத்தில் இனி யார் என்னிடம் கடிதம் எழுதக் கொடுப்பார்கள்? மாதம் முடிந்ததும் மூக்காயியும் அழகமுத்துவும் இரண்டு மூட்டையும் ஒரு தகரப் பெட்டியுமாக அவிசாவளை பஸ் ஏறினார்கள். கொடகவெலப் பக்கம் மூக்காயியின் அண்ணன் இருந்தார். நான் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடைக்குள் நின்று பார்த்தேன். வெளியே வரவில்லை.

6.

இது 2003. போன மாதம் பஸ் நிலையத்தில் அந்தனி கங்காணியைக் கண்டேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கொடகவெலையில் ஒரு சாவு வீட்டுக்குப் போய் வந்த களைப்பில் இருந்தார்.

"நம்ம மூக்காயியப் பாத்தேன் தம்பி."

"எப்படி இருக்காங்க?"

"இருக்கு. தேயிலை எடுக்குது. அழகமுத்து அப்புடியேதான், வாய் கொறையல." தேநீரை ஊதிக் குடித்தார். "ஒண்ணு பாத்தேன். மருமக புள்ளைக்குச் சட்டை தைக்க அளவு எடுக்கச் சொன்னா. நாடாவக் கையில வாங்கல. நீயே எடுத்துக்க, நான் அளந்தா தப்பாத்தான் போகும்னிருச்சு. அரிசி கூட அளந்து போடாதாம். ஒம்பது வருசமா."

நான் தேநீருக்குக் காசு கொடுத்தேன்.

"நீங்க அன்னிக்கு அந்தக் கணக்க அழகாப் போட்டீங்க," என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

7.

முடிவுகள்:

(அ) துரை நாடாவோடு தானே மலை ஏறுகிறார், உண்மை தெரிகிறது. அந்தத் துரை மாற்றலாகிப் போய்விட்டார். ஏறவும் மாட்டார்.

(ஆ) மூக்காயியின் பேர் திரும்பப் பதியப்படுகிறது. அந்த மலையில் இப்போது பாதி மரம் சூறாவளியில் விழுந்துவிட்டது, மீதி —

(இ) நான் கொடகவெலைக்கு நேரில் போகிறேன். மூன்று பக்கம் எழுதினேன். அதில் நான் நன்றாக அழுதேன். கிழித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஆகவே நேற்று எழுதினேன். இலக்கம் 2,306. முதல் தடவையாக வேறொருவர் பெயரில் அல்லாமல் என் பெயரில்.

'அன்புள்ள மூக்காயி அக்காவுக்கு. 1994இல் நீங்கள் அளந்த பதினொரு மரங்களில் பத்து சரி. நான் பிறகு போய் நாடா வைத்துப் பார்த்தேன். பதினோராவது கால் அங்குலம் குறைவு. கயிற்றில் அவ்வளவு வரும், போகும். நீங்கள் வாருங்கள் என்று கூப்பிட்டபோது நான் வரவில்லை. பார்த்த பிறகு சொல்லவும் இல்லை. பிழை உங்கள் கையில் இல்லை. என் கணக்கில்.'

அந்த எழுத்தை எங்கும் போடவில்லை. 'மன்னிக்கவும்' என்றும் எழுதவில்லை. அந்தச் சொல்லை ஏற்கெனவே ஒரு தடவை அவர் பெயரால் வீணாக்கிவிட்டேன்.

இதை அவருக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள் என்று தெரியாது. மருமகளாக இருக்கலாம். கேட்டுவிட்டு அவர் என்னைத் திட்டலாம், நாடாவைக் கையில் எடுக்கலாம், ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போகலாம். நான் எழுதினால் மறுபடியும் எனக்கு வசதியானதைத்தான் எழுதுவேன். நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள், நான் போகாத இடம் அது.

இன்று காலை தபால் கந்தோரில் பதிவுத் தபால் கவுண்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஹரியட்ட அலவலா நே," என்றார் சிங்களத்தில். சரியாக ஒட்டவில்லையாம்.

உண்மைதான். வாய் திறந்திருந்தது. உறையைத் திரும்ப என் கையில் கொடுத்தார். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். கடிதம் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

பசைப் போத்தலை என் பக்கம் தள்ளினார். தடவினேன். கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தி, அவரிடம் நீட்டினேன். முத்திரை குத்திச் சாக்குக்குள் போட்டார்.