சரி பண்ணியாச்சு

வாசலில் கூச்சல் கேட்டதும் அவர் மனைவியின் தலைமாட்டிலிருந்து எழுந்து ஓடினார். மைத்துனன் மெக்கானிக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான்.

“எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு இங்க வந்தே? பிரேக்கைச் சரி பண்ணிட்டேன்னு காசை வாங்கிக்கிட்டு எங்க அக்காவைக் கொன்னுட்டியேடா!”

ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் நெட்டை என்று கூப்பிடும் அந்த மெக்கானிக், அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். மறுபடி தலைகுனிந்துகொண்டான்.

மனைவி தையல்காரி. தைத்த பள்ளிச் சீருடைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க அந்தச் சின்னக் காரை அவள்தான் அதிகம் ஓட்டுவாள். நேற்றுக் காலை ஒரு மேட்டுத் தெருவில் நிறுத்திவிட்டு, பின்கதவைத் திறந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கார் அவள் மேலேயே உருண்டு வந்தது. ஹேண்ட் பிரேக்கை முழுசாகத்தான் இழுத்திருந்தாளாம். கியரிலும் போட்டிருந்தால் வண்டி நகர்ந்திருக்காது; போடவில்லை. போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

போன மாதம் காரின் அடியிலிருந்து வெளியே வந்த நெட்டை, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“ஹேண்ட் பிரேக் பிடிக்கல சார். கேபிள், பிரேக் ஷூ ரெண்டையும் மாத்தணும். ஆறாயிரம் ஆகும்.”

“இந்த டப்பா வண்டிக்கா? இப்போதைக்கு இறுக்கி விடுப்பா.”

“நாலு நாள்தான் தாங்கும். ஆனையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுறீங்களே சார்.”

இருவரும் சிரித்தார்கள்.

வீட்டில் மனைவி மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். “என்ன சொன்னான்?”

“சரி பண்ணியாச்சு.”

கையில் பணம் இல்லாமல் இல்லை. உண்மையைச் சொன்னால் நச்சரிப்பாள் என்றுதான் அப்படிச் சொன்னார். அவர் ஓட்டும்போதெல்லாம் கியரில் போட்டே நிறுத்தினார். அவளையும் அப்படி நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

“மாமா பிரேக்கை மாத்திட்டார், இனி எந்த மேட்டுலயும் பயமில்லன்னு அக்கா என்கிட்டயே சொன்னாளேடா!” மைத்துனன் கையை ஓங்கினான்.

நெட்டை கண்ணை மூடிக்கொண்டான். அப்போதும் வாய் திறக்கவில்லை.

“அவனை விடுப்பா” என்றார் அவர்.

“நீங்க சும்மா இருங்க மாமா. உங்க இளகின மனசைப் பார்த்துத்தான் இவன் ஏமாத்திட்டான்.”

“அவன் மாத்தணும்னுதான் சொன்னான். நான்தான் வேணாம்னேன்.” உள்ளே திரும்பிப் பார்த்தார். “உங்க அக்காகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

மைத்துனனின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நெட்டை கசங்கிய சட்டையைக்கூடச் சரி செய்யாமல் நின்றான்.

“வண்டி வந்துடுச்சு, தூக்கலாமா?” என்று உள்ளேயிருந்து யாரோ கேட்டார்கள்.

அவர் விழுந்துவிடுவாரோ என்று பின்னால் வந்து தோளைப் பிடித்திருந்த மகள், கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தாள். துடைத்துக்கொண்டாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் பக்கம் போய் நின்றாள்.