குனியச் சொன்னவர்

மனைவிக்கு மூக்கு வழியாகப் போய் மூளைக்கு அடியிலிருந்த கட்டியை எடுத்தார்களாம். கட்டு மட்டும் தொடையில் போட்டிருந்தார்கள். குழாய்க்காரருக்கு முதல் குழப்பமே அங்கேதான் ஆரம்பித்தது. "ஆளை மாத்திட்டீங்களா?" என்று கேட்டே விட்டார்.

வார்டு நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். கட்டியை எடுத்த இடத்தில் ஓட்டை இருக்கிறது, அதை அடைக்கத்தான் அவர் மனைவியின் தொடையிலிருந்து கொஞ்சம் கொழுப்பும் சவ்வும் எடுத்திருக்கிறார்கள். அடைப்பு விட்டுப்போனால் மூளையைச் சுற்றியிருக்கிற நீர் மூக்கு வழியாக ஒழுகும். அதே வழியாகக் கிருமி மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து.

"மூக்கைச் சிந்தக் கூடாது அண்ணா. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்க. முக்கக் கூடாது, குனியக் கூடாது. மூக்கில தண்ணியாச் சொட்டினாலோ, தொண்டையில உப்புக் கரிச்சாலோ உடனே கூட்டிட்டு வந்துடணும்."

முப்பது வருஷமாக வீடு வீடாகக் குழாய் பார்த்த மனுஷர். ஒழுகல் என்றால் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் இது பெண்டாட்டியின் தலைக்குள் ஒழுகல். வீட்டுக்கு வந்ததிலிருந்து மணிக்கொரு தரம் அவள் கட்டிலருகே போய் நின்றார்.

"ஒழுகுதா?"

"இல்லைங்க."

"அப்புறம் ஏன் மூக்கைத் துடைக்கிற?"

"அழுதேன். அழுதா மூக்கும்தான் ஒழுகும், இதுகூடத் தெரியாதா?"

தெரியும். அதுதானே வம்பு! கண்ணீரும் உப்பு, அந்தத் தண்ணியும் உப்பு. எதை நக்கிப் பார்ப்பது? ஆஸ்பத்திரிக்குப் போன் போடலாமென்று எடுப்பார். அழுததற்கெல்லாமா தொந்தரவு செய்வது என்று வைத்துவிடுவார். நேரே கூட்டிக்கொண்டு போயிருந்தால் தீர்ந்தது கதை. போகவில்லையே, இந்த மனுஷனை என்னவென்று சொல்ல!

ஒன்பதாம் நாள் காலையில் அவருடைய தொழில்புத்தி வேலை செய்தது. எந்த இணைப்பையும் அவர் வெறுமனே கண்ணால் பார்த்து நம்பியவரில்லை. வால்வை முழுக்கத் திறந்து அழுத்தம் கொடுப்பார், கீழே பழைய செய்தித்தாளை விரிப்பார். தாளில் பொட்டு விழுந்தால் ஒழுகல், விழாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். மனைவியை உட்காரவைத்து அவள் மடியில் தாளை விரித்தார்.

"கொஞ்சம் குனி."

"குனியக் கூடாதுன்னாங்களே!"

"ஒரே நிமிஷம். எனக்குத் தெரிஞ்சாகணும். பைத்தியம் பிடிக்குது."

அவள் மடியிலிருந்த தாளை நேராக்கிக்கொண்டாள். பிறகு குனிந்தாள். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அப்புறம் நிற்கவே இல்லை. அவள் கண்ணில் ஈரம் கிடையாது.

ஐயோ, நானே உடைத்துவிட்டேனே என்று ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். ஆட்டோவில் அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓட்டுநரை விரட்டவும் செய்தார், மெதுவாகப் போகவும் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொட்டைச் சின்னக் குப்பியில் பிடித்துக்கொண்டே கேட்டார். "குனிஞ்சாங்களா? தும்மினாங்களா?"

"நான்தான் குனியச் சொன்னேன். டெஸ்ட் பண்ணிப் பார்க்க."

"அறிவிருக்கா உங்களுக்கு?"

"அவரைத் திட்டாதீங்க டாக்டர்," என்றாள் மனைவி. "மூணு நாளாவே ஒழுகுது. தலையை நிமித்தி முழுங்கிட்டிருந்தேன்."

டாக்டரம்மாவுக்குக் கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. நல்லவேளை, இன்னும் காய்ச்சல் இல்லை என்றார். முதுகில் மெல்லிய குழாய் வைத்து அந்த நீரைக் கொஞ்சம் வடிக்க வேண்டும், அழுத்தம் குறைந்தால் அடைப்பு ஒட்டக்கூடும், ஒட்டாவிட்டால் மறுபடி ஆபரேஷன்தான்.

ஒழுகலை நிறுத்த இன்னொரு ஒழுகலா? வேறு நாளாயிருந்தால் குழாய்க்காரர் அதை ரசித்திருப்பார். இன்று ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. தான் கெடுத்தவனா காப்பாற்றியவனா, அதுவே புரியவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, நாலு கத்துக் கத்த வேண்டும்போலவும் இருந்தது.

"ஏண்டி சொல்லல? நூறு தடவை கேட்டேனே!"

அவள் உயர்த்திய தலையணையில் அசையாமல் படுத்திருந்தாள்.

"நான் இல்லைன்னு சொன்னாத்தான் நீங்க ரெண்டு வாய் சாப்பிட்டீங்க," என்றாள்.