தாமரைக்கல் மேல் நெல்

சுற்றுலாவுக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. எதைக் காட்டினாலும் படம் எடுக்கிறவர்கள், எதைக் காட்டினாலும் விலை கேட்கிறவர்கள். அன்றைக்குச் சென்னையிலிருந்து வந்த எட்டுப் பேரும் இரண்டையும் செய்தார்கள். கீழவாசல் மார்க்கெட்டில் வெண்டைக்காய்க்குப் படம், வாழைப்பூவுக்குப் படம். வாங்கியதென்னவோ கொஞ்சம் தக்காளி. அதற்கும் கறிவேப்பிலை கொசுறு கேட்டு வாங்கினார்கள்.

என் பெயர் வானதி. ஊர் திருவையாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு, காலையில் மார்க்கெட், மத்தியானம் பழைய இடிபாடு என்று சுற்றிக் காட்டுவது என் தொழில். வேன் ஓட்டுவது ஜாஃபர் சாதிக் அண்ணன். பேசுவது நான். அவர் அடிக்கடி பிரேக் போடுவார், நான் போட மாட்டேன்.

கூட்டத்தில் சாவித்திரி அம்மா என்று ஒருவர். மூங்கில் கடையில் ஒரேயடியாகப் பத்து முறம் வாங்கினார்.

"எதுக்கும்மா இவ்வளவு?" என்று கேட்டேன்.

"பெயிண்ட் அடிச்சு சுவத்துல மாட்டப்போறோம். எங்க அபார்ட்மென்ட்ல பொங்கலுக்குப் போட்டி வைக்கிறாங்க."

"வேன்ல மனுஷங்க உக்கார இடம் இருக்குமா?" என்றார் அவர் கணவர் தியாகேசன். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

முறத்தைச் சுவரில் மாட்டுவார்களாம். நாளைக்கு அம்மிக்கல்லுக்கும் ஆணி அடிப்பார்கள் என்று மனசுக்குள்ளேயே நினைத்துக்கொண்டேன். பிழைப்பு அப்படி. பத்தையும் பின் சீட்டில் அடுக்கிவிட்டுக் கிளம்பினோம்.

என் சுற்றுலாவில் உச்சம் சேந்தங்கோட்டகத்து மண்டபம்தான். வயலுக்கு நடுவே செங்கல் கட்டடம். பாதிக் கூரை விழுந்துவிட்டது, மீதிப் பாதி நிற்கிறது. முன்னால் கல் பாவிய முற்றம். அதன் நடுவே ஆள் படுத்துக்கொள்ளும் அகலத்துக்கு ஒரு தாமரை செதுக்கியிருக்கிறது. என் விளம்பரத்தில் இருப்பது அந்தத் தாமரைதான். யார் கட்டியது, எதற்குக் கட்டியது என்று அங்கே ஒரு பலகையும் கிடையாது. எனக்கு அது வசதி. தாமரை மேல் ஒரு ராணி நடனம் ஆடினாள் என்று சொல்வேன். அவளுக்குச் செண்பகவல்லி என்று பெயர் வைத்ததும் நான்தான்.

அன்றைக்கும் வேனிலேயே சொன்னேன். வழியெல்லாம் தியாகேசன் அந்த ராணியை விடவில்லை. எந்தக் காலம், யாருடைய பெண் என்று துளைத்தார்.

"தாமரையப் பாத்தீங்கன்னா எல்லாம் வெளங்கிடும் சார்" என்று சமாளித்தேன்.

இறங்கிப் பார்த்தால் தாமரையைக் காணோம். முற்றம் முழுக்க நெல். அறுத்த குறுவையை ஓரம் விடாமல் பரப்பிப் போட்டு, என் வயதில் ஒரு பெண் அதைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏக்கா, இது என்ன உங்க வீட்டுக் களமா? இத்தன பேரக் கூட்டிட்டு வந்திருக்கேன். கொஞ்சம் ஒதுக்குங்க."

"ரோட்டுல போட்டா வண்டிக்காரங்க திட்டுறாங்க. இங்க போட்டா நீங்க திட்டுறீங்க. பின்ன என்ன, தலையில கொட்டிக்கிட்டா காய வெக்கிறது?"

"ஆயிரம் வருஷத்துக் கல்லுங்க இது."

"கல்லு இன்னும் ஆயிரம் வருஷம் கெடக்கும். என் நெல்லு இன்னைக்குக் காயலேன்னா மொளச்சுப் போயிடும். ஈரமா இருந்தா கவர்மென்ட் கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க. வரிசையில இடம் போயிடக் கூடாதுன்னு வீட்டுக்காரர் அங்கயே உக்காந்திருக்காரு."

தியாகேசன் சும்மா இருக்காமல், "குத்தகை நிலமாம்மா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் நிமிர்ந்து நின்றார். பெயர் வேம்பு என்று பிறகு தெரிந்தது. "எங்க தாத்தா, அப்பா எல்லாம் அடுத்தவங்க நெல்லத்தான் காய வெச்சாங்க சார். இது எங்க சொந்த நெலம். வாங்கி மொத வெள்ளாம."

அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் வாயை மூடியிருப்பார்கள். நான் எட்டுப் பேர் முன்னால் தோற்பதா என்று அடுத்த சுற்றுக்கு மூச்சை இழுத்தேன். அப்போது என் மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

கிழக்கே மேகம் கருகருவென்று கட்டிக்கொண்டு நின்றது. வேம்புவைப் பார்த்தேன். அதுவரை எனக்குச் சளைக்காமல் பேசிய முகம் வெளுத்துப்போயிருந்தது. அவரிடம் இருந்தது ஒரு முறமும், மூலை கிழிந்த ஒரு தார்ப்பாயும்தான். குனிந்து ஒற்றை ஆளாக வாரத் தொடங்கினார். அவ்வளவு பெரிய முற்றத்தை ஒருத்தி வாரி முடிப்பதற்குள் நெல் மிதந்துவிடும்.

எனக்குச் சண்டை மறந்தே போனது. "ஜாஃபர் அண்ணே, முறத்த எறக்குங்க" என்று கத்தினேன்.

முறத்துக்குச் சொந்தக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் முதல் முறத்தோடு ஓடி வந்தவர் சாவித்திரி அம்மாதான். ஓரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லில் இறங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் செருப்பையும் ஷூவையும் உதறிவிட்டு இறங்கினார்கள். வாரி வாரிக் கூரை நிற்கிற பாதிக்குள் கொண்டுபோய்க் கொட்டினோம். ஜாஃபர் அண்ணன் தார்ப்பாயில் நெல்லைக் குவித்து, நாலு பேரை ஆளுக்கொரு முனை பிடிக்கச் சொல்லி உள்ளே இழுத்தார்.

தியாகேசனுக்கு முறம் பிடிக்கத் தெரியவில்லை. காபித் தட்டு ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வழியெல்லாம் கொட்டிக்கொண்டு போனார்.

"சார், உங்க பக்கம் சாச்சுப் புடிங்க. நீங்க பாட்டுக்கு வெதச்சுக்கிட்டே போறீங்க" என்றார் வேம்பு. அந்த அவதியிலும் அவருக்குக் கேலி வந்தது.

ஓரத்தில் கொஞ்சம் நனைந்தது. மற்றதெல்லாம் உள்ளே வந்துவிட்டது. அப்புறம் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அந்தப் பாதிக் கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. குவியலைச் சுற்றி எல்லோரும் நெருக்கியடித்து நின்றோம். உடம்பெல்லாம் நெல் சுணை. சொறிந்துகொண்டே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வேம்பு குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். "காஞ்சதுதான், ஒண்ணும் ஆவல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானே விதைத்து அறுத்ததுபோல இருந்தது.

மழை விட்டதும் சாவித்திரி அம்மா முறங்களைத் தட்டி அடுக்கப்போனார். வேம்பு அவற்றைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"வெறும் முறத்தத் திருப்பிக் குடுக்கக் கூடாதும்மா."

ஒவ்வொன்றிலும் ஒரு கை நெல் போட்டு ஆளுக்கொன்றாக நீட்டினார். சாவித்திரி அம்மாவே முதல் ஆளாகக் கை நீட்டினார். வெண்டைக்காய்க்கு விலை கேட்டவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். எட்டுப் போக மிஞ்சிய இரண்டில் ஒன்று ஜாஃபர் அண்ணனுக்கு. கடைசி முறம் எனக்கு. அதில் ஒரு கை போட்டவர், நிறுத்தி, இன்னொரு கையும் அள்ளிப் போட்டார்.

"இது சண்டைக்குக் கொசுறு" என்றார்.

வெளியே முற்றம் கழுவிவிட்டதுபோல இருந்தது. தாமரை இதழுக்கு இதழ் தண்ணீரோடு பளபளத்தது. இத்தனை நாளில் அது அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. தியாகேசன் முறத்தை நெஞ்சோடு அணைத்தபடி அதன் பக்கத்தில் போய் நின்றார். அவர் இன்னும் மறக்கவில்லை.

"இந்தத் தாமரைதானா? அந்த ராணி பேர் என்னம்மா சொன்னீங்க?"

"வேம்பு" என்றேன்.

குவியலுக்குப் பின்னாலிருந்து, "என்னக்கா, கூப்ட்டீங்களா?" என்று குரல் வந்தது.

"ஆமாக்கா, இப்படி வாங்க. இவங்கல்லாம் உங்களப் பாக்கத்தான் சென்னையிலேருந்து வந்திருக்காங்க."