திறப்புவிழாவுக்குக் காத்திருந்த வீடுகள்

கிழக்கு மலைமுகட்டில் கதிரவன் தலைகாட்டுமுன்பே கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண்கள் வரிசை வரிசையாக ஏறத் தொடங்கும் அக்கரப்பத்தனைச் சரிவுகளில், பள்ளத்து ஓடையிலிருந்து எழுந்த மூடுபனி தேயிலைச் செடிகளை ஒவ்வொரு நிரையாக மறைத்துக்கொண்டு மேலேறி, கோயிற் கோபுரத்தையும் கொழுந்து நிறுக்கும் கொட்டகையையும் கடந்து, மலையின் தோளில் புதிதாய் எழுந்து நின்ற இருபது வீடுகளின் வாயில்களில் வந்து தங்கும். மஞ்சள் பூசிய சுவர்களும் சிவந்த ஓடுகளும் கொண்ட அவ்வீடுகளுக்குக் கதவு இருந்தது, பலகணி இருந்தது, அடுக்களையில் புகைபோக்கியும் இருந்தது. குடியிருப்பார் மட்டும் இல்லை. கட்டி முடித்து இரண்டு பொங்கல் கழிந்தும் ஒவ்வொரு கதவிலும் பூட்டுத் தொங்கியது.

கற்றறிந்த பெருமக்களே, காரணம் கேட்பீர்கள். சொல்லுகிறேன், சொல்லும்போதே எனக்குச் சினம் மூளுவதைப் பொறுத்தருளுங்கள். அண்டை நாடு பொருள் தந்து கட்டிய வீடுகள் அவை. ஆகவே அந்நாட்டின் துணைத்தூதர் வந்து திறந்துவைக்க வேண்டும். நிலம் இந்நாட்டினது, ஆகவே இந்நாட்டு அமைச்சரின் சார்பாளரும் உடன் நிற்க வேண்டும். இரண்டு கைகள் ஒரே கத்தரிக்கோலைப் பிடித்து ஒரே நாடாவை வெட்டினாலன்றி அவ்வீடுகள் கொடுக்கப்பட்டவை ஆகா என்பது இரு நாட்டாரும் ஒப்பிய முறை. தூதர் வரும் நாளில் சார்பாளருக்கு வேறு பணி. சார்பாளர் வரும் நாளில் தூதருக்கு வேறு பயணம்.

இந்தத் தூதர் பதவியின் வரலாறும் இம்மக்களின் வரலாறும் ஒரே கொடியில் காய்த்தவை. அந்த அண்டை நாட்டிலிருந்து கடல் கடந்து கூலிக்கு வந்தவர்களுக்குக் கூலி சரியாய்க் கிடைக்கிறதா என்று பார்ப்பதற்காக, வெள்ளையர் ஆண்ட காலத்திலேயே ஒருவர் மலைநாட்டில் அமர்த்தப்பட்டார். ஆட்சி மாறிற்று, எந்த நாடும் தன் குடிமக்கள் என்று ஏற்காத பல இலட்சம் பேர் நடுவழியில் நின்றனர். அப்போது அந்தத் தூதரின் அலுவலக வாயிலில் கடவுச்சீட்டுக்காக நின்றவர்கள், பெட்டி கட்டிக்கொண்டு தொடர்வண்டியேறி, மன்னார்க் கரையில் கப்பல் ஏறிப் போனார்கள். போனவரும் அழுதார்கள், இருந்தவரும் அழுதார்கள். இன்று அப்பதவியில் இருப்பவர் மாணவர்க்கு உதவித்தொகை தருகிறார், வீட்டுக்கு அடிக்கல் நாட்டுகிறார், மாலை வாங்கிக்கொள்கிறார். கூலியை எண்ண வந்தவர், ஆளை அனுப்ப வந்தவர், வீட்டைக் கொடுக்க வந்தவர் என்று வேடம் மாறியதே தவிர, இம்மக்களின் வாழ்வைப் பற்றி யாரோ இருவர் வேறெங்கோ உட்கார்ந்து பேசி முடிக்கும் வழக்கம் மட்டும் மாறவேயில்லை.

அந்த இருபது வீடுகளுள் நான்காவது வீடு நாகலெட்சுமிக்கு ஒதுக்கப்பட்டது. கணவனை இழந்தவள், முப்பது ஆண்டாய்க் கொழுந்து பறிப்பவள். சென்ற மழையில் லயம் என்று இங்கு வழங்கும் நெடுங்கட்டடத்தின் பின்சுவர் சரிந்து மண் உள்ளே புகுந்தபின், அவளும் மகள் வினோதாவும் பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் மலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் பழைய அறையில், தங்கியிருந்தார்கள். கூரையில் ஒழுக்கு, சுவரில் பாசி. வினோதா தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தாயிடம் வந்தவள், நிறைமாதம். ஈரம் ஊறிய அந்த அறைக்குள் பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருவது எப்படி என்னும் ஒரே கவலை நாகலெட்சுமியை உறங்கவிடவில்லை.

ஒருவழியாக நாள் குறிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தூதரும் சார்பாளரும் வருவதாகச் செய்தி வந்தது. தோட்டத் தலைவர் பெரியதம்பி தோரணம் கட்டச் செய்தார், தப்புப் பறை முழங்கிற்று, நாகலெட்சுமி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தித் தட்டோடு நின்றாள். ஆனால் வளைவில் ஒரு சரக்குவண்டி கவிழ்ந்து பாதையை அடைத்துவிட, விருந்தினர் வந்து இறங்கியபோது பத்தரை கடந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை இராகு காலம்.

துணைத்தூதர் நரைத்த மீசையும் நல்ல உள்ளமும் கொண்ட வடபுலத்தார். நாடா கட்டியிருந்த நான்காம் வீட்டு வாயிலுக்கு நேரே வந்து கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினார். நாகலெட்சுமி ஆரத்தி எடுக்காமல் தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இராகு காலத்துல புது வாசப்படி மிதிக்கக் கூடாதுங்க. புள்ள பொறந்து வரப்போற வீடு. பன்னெண்டு மணி வரைக்கும் பொறுத்துக்குங்க. நாங்க ரெண்டு வருசம் பொறுத்தோமே."

தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளனாய்ப் பணிபுரியும் கஜேந்திரன், தானும் கந்தப்பளைத் தோட்டத்துப் பிள்ளையாதலால், அவள் சொல்லின் முன்பாதியையும் பின்பாதியையும் ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தான். தூதர் முறுவலித்து, "மக்களின் வழக்கமே முதன்மையானது. காத்திருப்போம்" என்றார். பெரியதம்பி பெருமையோடு தேநீர் வரவழைத்தார். எவர் மனத்திலும் ஐயம் எழவில்லை.

அரைமணி கழிந்தது. சார்பாளர் கைப்பேசியில் பேசினார், மணியைப் பார்த்தார், மீண்டும் பேசினார். மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டாவதற்குக் கால்மணி இருக்கையில் நுவரெலியாவில் கூட்டம் இருக்கிறதென்று சொல்லி, எழுந்து, வண்டியேறிப் போய்விட்டார். தப்பு அடித்தவர்கள் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் நின்றார்கள்.

இராகு காலம் முடிந்தது. நல்ல நேரம் வந்தது. வெட்டுவதற்கு ஒரு கை குறைந்தது. நாகலெட்சுமி தூதர் எதிரே போய் நின்றாள்.

"நீங்க குடுங்க ஐயா. சாவியத்தான கேக்கிறேன்."

தூதர் கஜேந்திரன் வாயிலாகச் சொன்னார்: "அம்மா, நான் தனியே கொடுத்தால் இன்னொரு நாட்டின் நிலத்தில் தலையிட்டவன் ஆவேன். நாளை வேறொரு தோட்டத்துக்கு வரவேண்டிய வீடுகள் அதனால் நின்றுபோகலாம். தூதன் என்பவன் கை கட்டப்பட்டவன். அடுத்த விழாநாளை விரைவில் அறிவிப்போம்."

அந்த விழாநாள் வரவில்லை. அந்தத் தூதரின் பணிக்காலம் அம்மாதமே முடிந்து அவர் ஊர் திரும்பினார். பழியை யார் தலையில் போடுவது? நாகலெட்சுமி தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். கொழுந்து கிள்ளும்போதும் "நாந்தான் கெடுத்தேன், என் வாய்தான் கெடுத்திச்சு" என்று முணுமுணுத்தாள். ஒன்றரை மணி நேரத்துக்குப் பயந்து ஒரு மழைக்காலத்தையே விலைக்கு வாங்கினாளே என்று எனக்கும் அவள்மேல் ஆற்றாமை உண்டு. எனினும் இரண்டு ஆண்டைத் தின்றவர்களை விட்டுவிட்டு ஒன்றரை மணியைக் கேட்டவளை வைவது எந்த அறம்?

வினோதாவுக்கு மருத்துவமனையில் பெண்பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் அடைமழையில் முச்சக்கரவண்டியில் திரும்புகையில், பிள்ளைக்காம்பராவின் வாயிலில் கணுக்கால் அளவு நீர் நின்றது. நாகலெட்சுமி வண்டியை நிறுத்தவிடாமல் மேலே போகச் சொன்னாள். நான்காம் வீட்டின் முன் இறங்கி, அருகிலிருந்த லயத்தில் இரவல் வாங்கிய, தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியின் முதுகால் பூட்டை ஓங்கி அடித்தாள். எத்தனையாவது அடியில் அது விட்டுக்கொடுத்தது என்று அவள் எண்ணவில்லை. அப்போது எந்தக் காலம் நடந்தது என்று பார்க்கவும் இல்லை. பிள்ளையைக் காய்ந்த தரையில் கிடத்தியபின்தான் உட்கார்ந்து அழுதாள். அந்த வாரம் முடிவதற்குள் மற்றப் பத்தொன்பது பூட்டுகளும் உடைந்தன.

அதிகாரிகள் குற்றம் சாட்டினார்கள், அச்சுறுத்தினார்கள், பின்பு அலுத்து விட்டுவிட்டார்கள். ஆனால் இரு நாட்டுப் பதிவேடுகளிலும் அவ்வீடுகள் திறக்கப்படாதவையாகவே இருந்தமையால், புதிய துணைத்தூதர் பொறுப்பேற்ற நான்காம் மாதத்தில் திறப்புவிழா ஒன்று ஏற்பாடாயிற்று. பெரியதம்பி வீடுவீடாய்ப் போய், பானை சட்டிகளை மறைத்துவைத்து, எல்லோரும் வெளியே வந்து, இன்றுதான் முதன்முதல் நுழைபவர்கள்போல் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நின்றார்கள். உடுத்தித் துவைத்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து ஒளித்துவைத்து, தம் வீட்டு வாயிலில் தாமே விருந்தாளிகளாய் நின்றார்கள்.

நான்காம் வீட்டின் குறுக்கே நாடா கட்டியாயிற்று. தூதரும் சார்பாளரும் கத்தரிக்கோலை ஒருங்கே பற்றியாயிற்று. நாகலெட்சுமியை மட்டும் காணவில்லை. கஜேந்திரன் நாடாவுக்கு இப்பால் நின்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டான்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

உள்ளே தொட்டிலின் கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தவள் எழவில்லை.

"இப்பத்தான் புள்ள தூங்குது தம்பி. சத்தம் போடாம வெட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

கஜேந்திரன் அதை ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தான். தப்பு முழங்கவில்லை, கைதட்டு எழவில்லை. இரு நாட்டுக் கைகளும் கூடி மெல்ல வெட்டிய அந்த நாடா, ஓசையின்றிப் படியில் விழுந்தது.