குட் மார்னிங் சொல்லத் தெரிந்தவர்கள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். கிரெட்சனும் அவள் புருஷன் டேலும் பத்து நாளுக்கு வந்தார்கள். அதுவும் ஜனவரியில். ஓஹையோவில் பனி கொட்டுகிறதாம், உடனே கரீபியன் கடலில் செயின்ட் ஜான் தீவில் இருக்கும் என் ஞாபகம் வந்துவிட்டதாம். செப்டம்பரில் புயல் வந்து கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும்போது மட்டும் யாருக்கும் என் ஞாபகம் வருவதில்லை.

கிரெட்சன் நான் ஓஹையோவில் கல்லூரியில் படித்தபோது ஒரே அறையில் இருந்தவள். நல்லவள். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவர்கள் வந்த வாரம் பார்த்துத்தான் என் தலையெழுத்தும் மாறுவதாக இருந்தது. நான் படகுத்துறையில் வாதாம் மரத்தடியில் பாட்டே பொரித்து விற்கிறவள். மாவுக்குள் மாட்டுக்கறியோ உப்பு மீனோ சங்குக் கறியோ வைத்து மடித்து எண்ணெயில் போட்டு எடுப்பது. இந்தத் தீவில் என் பாட்டேயைத் தின்னாமல் படகு ஏறியவன் கிடையாது. ஆனால் மழை வந்தால் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், காற்று அடித்தால் மணலும் சேர்ந்து பொரியும். துறைக்கு நேர் எதிரே மிஸ் எர்மினின் கட்டடம். மாடியில் அவருடைய துணிக்கடை, கீழே ஒரே ஒரு அறை. அதில் பனியன் விற்றுக்கொண்டிருந்தவன் காலி செய்துவிட்டுப் போய்விட்டான். அந்த அறைக்காக நான் பல வருஷமாகக் காத்திருந்தேன். "வியாழக்கிழமை மத்தியானம் வா லூசிண்டா, பேசிக்கலாம்" என்று மிஸ் எர்மின் சொல்லியிருந்தார்.

இதைக் கிரெட்சனிடம் நான் மூச்சு விடவில்லை. ஆசையை வெளியே சொன்னால் கண் படும். தவிர, வெளியூரிலிருந்து வந்தவர்கள் முன்னால் எனக்கு ஒரு கெத்து வேண்டாமா? வந்த அன்றே மரத்தடியைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"ஏன் சிண்டா, நீ ஒரு கடை எடுத்து வச்சா என்ன?"

"நாலு சுவத்துக்குள்ள போய் அடைய நான் என்ன கோழியாடி? இந்தக் காத்தும் நெழலும் எந்தக் கடையில கெடைக்கும்? சும்மா குடுத்தாலும் வேணாம்."

அவள் கண்கள் கலங்கிவிட்டன. "உன்ன மாதிரி வாழணும்டி" என்றாள். எனக்கும் அந்த நிமிஷம் அது உண்மை போலவே இருந்தது.

அவர்களை அழைத்துவர, விமானம் இறங்கும் செயின்ட் தாமஸ் தீவுக்குப் போயிருந்தேன். அங்கேயே கூத்து ஆரம்பமாகிவிட்டது. படகு டிக்கெட் ஜன்னலுக்குள் டேல் தலையை விட்டு, "செயின்ட் ஜானுக்கு ரெண்டு" என்றான். உள்ளே இருந்த ஷெரிஸ் தன் நகங்களைப் பார்த்தாள். டேல் குரலை உயர்த்தி மறுபடி சொன்னான். ஷெரிஸ் மின்விசிறியைப் பார்த்தாள். அவன் இரண்டு விரலை நீட்டிக் காட்டினான், ஊமைக்குச் சொல்வது போல. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்தார்கள். நான் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத்தான் முன்னால் போனேன்.

"குட் ஆஃப்டர்நூன், ஷெரிஸ்."

"குட் ஆஃப்டர்நூன், மிஸ் சிண்டா. எத்தன டிக்கெட்டு?"

படகில் உட்கார்ந்ததும் டேல் கேட்டான். "அந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதா?"

"காது நல்லாத்தான் கேக்குது. நீதான் இன்னும் வாயத் தொறக்கலயே."

"ரெண்டு டிக்கெட்டுன்னு சொன்னேனே."

"அது கணக்கு, பேச்சு இல்ல. மொதல்ல குட் மார்னிங், இல்லன்னா குட் ஆஃப்டர்நூன். அப்புறம்தான் நீ ஒரு மனுஷன். அதுக்கு முன்னாடி நீ இங்க ஒரு பொட்டி, ஒரு படிக்கல்லு."

அன்றிலிருந்து எனக்கு நல்ல பொழுதுபோக்கு. போகிற இடமெல்லாம் அவர்களை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நின்று சிரிப்பேன். ரொட்டிக்கடையில் டேல் "எக்ஸ்க்யூஸ் மீ" என்று ஆரம்பித்து, முழு அறையும் மௌனமானதும் வெளியே ஓடிவந்தான். "ஓஹையோல உங்கம்மா உனக்கு என்னதான் சொல்லிக் குடுத்தாங்க? மாட்டுக்குக் கூட வீட்டுக்கு வந்தா 'ம்மா'ன்னு சொல்லத் தெரியுது" என்றேன். துறையில் இருந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வீட்டிலும் அவன் லேசுப்பட்டவன் இல்லை. கூரையில் விழுகிற மழை வீட்டுக்கடியில் தொட்டியில் சேர்ந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். டேல் குளிக்கும்போது பாடுவான். முதல் பாட்டுக்குப் பொறுத்துக்கொண்டேன், மூன்றாம் பாட்டுக்குக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினேன்.

கிரெட்சன் அப்படியில்லை. அவள் பாடமாகவே எடுத்துக்கொண்டாள். தெருப் பெருக்குகிறவருக்கு, போலீஸ்காரருக்கு, வேலியில் உட்கார்ந்திருக்கும் கோழிக்கு, எல்லாருக்கும் குட் மார்னிங். பெயரையும் கேட்டுக்கொள்வாள். மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இடுப்புவலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். ஷெரிஸின் அத்தைக்கு இடுப்புவலி என்பதே எனக்குக் கிரெட்சன் சொல்லித்தான் தெரியும்.

மிஸ் எர்மினைப் பற்றியும் நான்தான் அவர்களுக்குச் சொன்னேன், வேடிக்கைக் கதையாக. ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரன் மூச்சிரைக்க ஓடிவந்து, "மிஸ் எர்மின், உங்க சமையலறையில தீ" என்று கத்தினானாம். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல், "குட் ஆஃப்டர்நூன், க்ளெண்டன்" என்றாராம். அவன் பதிலுக்குச் சொன்ன பிறகுதான் எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றினாராம். அந்தக் கீழ் அறையை இரட்டை வாடகைக்குக் கேட்டு வந்த ஒரு வக்கீல் நேராக விஷயத்தைப் பேச ஆரம்பித்ததால், மிஸ் எர்மின் கடைசிவரை அந்த ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். டேல் பயந்துபோய்விட்டான். கிரெட்சனுக்கு அவரை எப்படியாவது பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் அவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போனேன். மத்தியானத்துக்குள் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, குளித்து, சர்ச்சுக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு மிஸ் எர்மினிடம் போவதாகத் திட்டம். திட்டம் போட்டது நான், நடத்தியது டேல். வெயிலில் தூங்கி, வேகவைத்த இறால் நிறத்தில் எழுந்தான். போதாததற்கு, வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தான். எங்கள் ஊரில் இடது பக்கம் ஓட்ட வேண்டும். அவன் வலது பக்கம் போவான், எதிரே வண்டி வந்ததும் இடது பக்கம் பாய்வான், மறுபடி மறந்துபோவான்.

வளைவில் கழுதைகள் கூட்டமாக ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. கிரெட்சன் இறங்கிப்போய் ஒவ்வொன்றுக்கும் குட் ஆஃப்டர்நூன் சொன்னாள்.

"கழுதைக்குத் தெரியுமாடி கற்பூர வாசன? வந்து ஏறு" என்று கத்தினேன்.

ஒரு கழுதை அவள் பனை ஓலைத் தொப்பியை நிதானமாகத் தின்றது. தின்று முடித்துவிட்டு, அவள் சொன்னதைக் கேட்டது போலவே வழி விட்டது.

வீட்டுக்குப் போக நேரமில்லை. மணலும் வியர்வையுமாக நேரே மிஸ் எர்மின் கட்டடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர்களை வண்டியிலேயே விட்டுப் போகலாம் என்றால், டேலின் தோல் உரிகிற வெயில். "சின்ன வேல, துணி விஷயமா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன். பல வருஷ ஆசை அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது, இந்த இரண்டு பேரும் அதில் மண்ணைப் போட்டுவிடுவார்கள் என்று பயம். கதவு வரை அவர்களை விரட்டிக்கொண்டே போனேன்.

"டேல், கால்ல இருக்கற மணலத் தட்டு. எதையும் தொடாத. கிரெட்சன், போட்டோ எடுத்த, கைய ஒடிச்சிடுவேன். உள்ள போனதும் எல்லாருக்கும் சொல்லணும், தைக்கிறவங்களுக்கும் சேத்து. எம் மானத்த வாங்கிடாதீங்க."

சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளி உள்ளே போனேன். மிஸ் எர்மின் மேசைக்குப் பின்னால் இருந்தார். ஓரத்தில் ஒரு பெண் தையல் இயந்திரத்தில் இருந்தாள். துணி வாங்க வந்த இரண்டு அம்மாக்கள் நாற்காலியில் இருந்தார்கள்.

"மிஸ் எர்மின், லேட்டாயிடுச்சு, தப்பா நெனைக்காதீங்க. இவங்களக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள உயிரே போயிடுச்சு. இன்னைக்கு வரச் சொன்னீங்களே, அந்த விஷயமா..."

தையல் இயந்திரம் நின்றது. மிஸ் எர்மின் ஒரு துணியை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அவருக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்து, கடவுளே, நான் குரலை உயர்த்தி இன்னொரு முறை சொன்னேன்.

என் முதுகுக்குப் பின்னால் டேல் தொண்டையைக் கனைத்தான்.

"குட் ஆஃப்டர்நூன், மேடம். குட் ஆஃப்டர்நூன், லேடீஸ்." தையல்காரப் பெண்ணின் பக்கம் திரும்பி அவளுக்குத் தனியாக ஒன்று. கிரெட்சன் அதைவிட மெதுவாக, கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள்.

மிஸ் எர்மின் தலையைச் சாய்த்து, நான் ஒரு தூண் போலவும் தூண் மறைப்பது போலவும், என்னைத் தாண்டி அவர்களைப் பார்த்தார். "குட் ஆஃப்டர்நூன், பிள்ளைங்களா. வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க. எந்த ஊரு? நல்லா வளத்திருக்காங்க உங்கம்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"குட் ஆஃப்டர்நூன், மிஸ் எர்மின்" என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"படகு போனப்புறம் டிக்கெட் எடுக்குற, லூசிண்டா" என்றார் அவர். "உங்கம்மா இந்த வாசப்படியில நின்னு ஒவ்வொருத்தர் பேரா சொல்லிட்டுத்தான் உள்ள வருவா. நல்லவேள, அவ இதப் பாக்கல."

நாற்காலியில் இருந்த அம்மாக்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். மாலைக்குள் துறை முழுவதும் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. நான் டேலைப் பற்றிச் சொன்ன கதைகள் அத்தனையும் இனி என் பெயரில் ஓடும்.

மிஸ் எர்மின் கிரெட்சனுக்கும் டேலுக்கும் மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய மாபி கொடுத்தார். அந்தக் கசப்பை டேல் முகம் சுளிக்காமல் குடித்தான். கிரெட்சன் தையல்காரப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது என்று அவள் சொன்னதும், "இருந்தா என்ன செய்வ?" என்று மிஸ் எர்மின் கேட்டார். "எனக்கு பிஸ்கட் சுடத்தான் தெரியும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முட்டாள். அறையைப் பற்றி யாரும் பேசவில்லை. நாளைக் காலையில் முறையாக வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் நீலச் சட்டையோடு, சூடான பாட்டே ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்று குட் மார்னிங் சொன்னேன். தையல் இயந்திரத்துக்குக்கூடச் சொல்லியிருப்பேன்.

"குட் மார்னிங், லூசிண்டா" என்றார் மிஸ் எர்மின், மிக அன்பாக. "கீழ் ரூம் முடிஞ்சுபோச்சு. உன் சிநேகிதி காலையிலயே வந்து பேசிட்டுப் போயிட்டா."

வீட்டுக்கு வந்து கேட்டபோது கிரெட்சன் அழுதுவிட்டாள். "உனக்கு வேணும்னு தெரிஞ்சா நான் கேப்பேனா சிண்டா? சும்மா குடுத்தாலும் வேணாம்னு நீதான சொன்ன? கோழியான்னு கேட்டியே."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான், யாரை நோவது? கெத்து போய்விடும் என்று, "ஆமா, எனக்கெதுக்கு அது? நீயே வச்சுக்க" என்று மறுபடியும் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். வயிறெரிந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பனி உருகுமுன்பே ஓஹையோ வீட்டை விற்றுவிட்டு வந்துவிட்டார்கள். இப்போது டேல் இடது பக்கம்தான் ஓட்டுகிறான், ஒரே ஒரு வாளித் தண்ணீரில் குளிக்கிறான். துறையில் நின்று, படகில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறான். "இவங்களுக்கெல்லாம் வீட்டுல என்னதான் சொல்லிக் குடுக்கறாங்களோ" என்று என்னிடமே சொல்கிறான்.

போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் மழை கொட்டியது. சட்டிக்குள் தண்ணீர் விழுந்து எண்ணெய் வெடித்தது. மாவுத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி அந்த அறைக்குள் ஓடினேன். உள்ளே ஷெரிஸ், அவள் அத்தை, இன்னும் நாலைந்து பேர் ஒதுங்கியிருந்தார்கள்.

"கிரெட்சன், அந்த மேசையக் கொஞ்சம் நகத்துடி, மாவெல்லாம் நனையுது."

அவள் பிஸ்கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஷெரிஸ் தன் நகங்களைப் பார்த்தாள். தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கிரெட்சன் கடைசி பிஸ்கட்டையும் வைத்துவிட்டு மெதுவாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை.

"குட் ஆஃப்டர்நூன், சிண்டா."

"குட் ஆஃப்டர்நூன்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் மேசையை நகர்த்தினாள்.