எம்மட் ரஸ்க் விழுந்த விதம்

எதிரணியின் எம்மட் ரஸ்க் எழுந்து நின்றபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவன் தலையின் பின்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஓரமாகக் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான். ரத்தம் அதிகமில்லை. நடுவர் அவனிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவன் சிரித்தபடி தலையாட்டினான். ஆட்டம் மறுபடி தொடங்கியது. நாங்கள் இருபத்தொன்றுக்குப் பதினேழு என்று ஜெயித்தோம். ஹார்ட்வெல் கல்லூரிக்குக் கூடைப்பந்து அணி என்று ஒன்று வந்தபிறகு ஆடிய முதல் ஆட்டம் அது. 1907 டிசம்பர், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பத்து நாள் முன்பு.

எங்களுக்கென்று ஆடுகளம் கிடையாது. ஆலயத்துக்குக் கீழே இருந்த நிலவறையில்தான் ஆடினோம். நடுவில் இரண்டு இரும்புத் தூண்கள். அவற்றுக்குப் பழைய மெத்தைகளைச் சுற்றியிருந்தோம். கூரை தாழ்வு என்பதால் பந்தை உயர்த்தி எறிய முடியாது. ஒரு மூலையில் கணப்பு, எதிர் மூலையில் வெளியே போகும் கல்படிகள். கோட்டுக்கு வெளியே போன பந்தை யார் முதலில் தொடுகிறார்களோ அவர்களுக்கே பந்து என்பது அன்றைய விதி. அதனால் பந்து எங்கே ஓடினாலும் இரண்டு பேர் பின்னாலேயே பாய்வோம். பார்க்க வந்தவர்கள் கால்களை மடக்கிக்கொள்வார்கள். பந்து அன்று கல்படிப் பக்கம் உருண்டது. ரஸ்க் முன்னால் ஓடினான். நான் அவனுக்கு ஓரடி பின்னால். என் உள்ளங்கை அவன் முதுகில் பட்டது.

பட்டது என்றுதான் பல வாரங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவனை மறித்து ஆடுவது என் வேலை. முதல் பாதியிலேயே என்னைத் தாண்டி ஆறு முறை கூடையில் போட்டிருந்தான். ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது, கேலியே இல்லாமல், ஒருவர் காலைத் தெரியாமல் மிதித்துவிட்டவனைப் போல, "மன்னிச்சுக்கப்பா" என்பான். அதைக் கேட்டு எங்கள் கல்லூரிப் பையன்களே சிரித்தார்கள். ஆறாவது தடவை, படியில் உட்கார்ந்திருந்த ஒருவன் என்னைப் பார்த்து, "நைகார்ட், அவனுக்கு ஒரு நாற்காலி போட்டுக் குடுடா!" என்று கத்தினான். அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கும்போதே பந்து உருண்டது. என் கை நீண்டது. அவன் சட்டை ஈரமாக, சூடாக இருந்ததும், தள்ளியபோது அவன் எடை என் கையை விட்டுப் போனதும், அவன் சுழன்று விழுந்து பின்னந்தலை கல்படியில் இடித்ததும் எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை உணவின்போது எங்கள் அணித் தலைவன் ஆர்லோ பிங்ஹாம் செய்தித்தாளை மடித்துக்கொண்டு வந்தான். ரஸ்க் ஊருக்குப் போகும் ரயிலிலேயே வாந்தி எடுத்து மயங்கியிருக்கிறான். இன்னும் நினைவு திரும்பவில்லை. லார்ச்க்ரீக் ஆசிரியர் கல்லூரியின் சிறந்த மாணவன், மரக்கடைக்காரர் வால்டர் ரஸ்க்கின் ஒரே மகன் என்று போட்டிருந்தார்கள். பந்தை விரட்டும்போது கால் இடறி விழுந்தான் என்றும் போட்டிருந்தார்கள். என் கிண்ணத்தில் இருந்த ஓட்ஸ் கஞ்சி ஆறி ஆடை கட்டியது. எதிரே உட்கார்ந்திருந்த தாட் ஓக்ஸ், அணியிலேயே உயரமானவன், "நீ சாப்பிடலைன்னா இங்க தள்ளுடா" என்றான். தள்ளினேன். தள்ளிய கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று காலை ஆலயத்தில் கல்லூரித் தலைவர் ரஸ்க்குக்காக ஜெபித்தார். முந்நூறு பேர் தலை குனிந்திருந்தோம். அவர் ஜெபம் எப்போதும் நீளம். அன்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு ஒரு பெயரைச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் உட்கார்ந்திருந்த பலகைத் தரைக்கு நேர் கீழே அந்தக் கல்படி இருந்தது.

அதன்பிறகு எல்லாமே பயம்தான். கதவு தட்டப்பட்டால், என்னைப் பிடிக்க வந்த ஷெரிஃப். தந்தி அலுவலகப் பையன் வளாகத்துக்குள் நுழைந்தால் ரஸ்க் செத்துவிட்டான் என்று தோன்றும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். அப்பா புதிதாக வாங்கிய குதிரைக்குட்டியின் கயிற்றை என்னிடம் கொடுத்து, "பிடிச்சுக்க, கழுத்தத் தட்டிக் குடு" என்றார். குட்டியின் கழுத்து ஈரமாக, சூடாக இருந்தது. கயிற்றை விட்டுவிட்டேன். அது வேலியைத் தாண்டிப் பனியில் ஓடியது. அப்பாவும் தம்பியும் அரைநாள் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்பா திட்டவில்லை. "படிப்பு உன்னைக் கெடுக்குதாடா ஹால்வர்?" என்று மட்டும் கேட்டார். அவரிடம் சொல்லியிருக்கலாம். கேட்ட கையோடு அவர் தொழுவத்துக்குப் போய்விட்டார்.

புத்தாண்டுக்குப் பிறகு ரஸ்க்குக்கு நினைவு திரும்பிவிட்டதாகச் செய்தி வந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்குப் பயம் கூடியது. இனி அவன் பேசுவான்.

ஜனவரி முழுக்க ஆடினோம், தோற்றோம். எதிராளியை நெருங்கினாலே என் கைகள் பின்னால் போய்விடும். என்னிடம் வந்தவன் எல்லாம் போட்டான். "நீ அவனைத் தடுக்கிறியா, வழி காட்டுறியா?" என்று தாட் கேட்டான். ஏழு பேர் கொண்ட அணியில் ஒருவனுக்குப் பொன்னுக்குவீங்கி, இன்னொருவனைப் படிப்பு போதாதென்று நிறுத்திவிட்டார்கள். என்னை உட்காரவைக்க ஆளில்லை. பிப்ரவரி கடைசியில் லார்ச்க்ரீக்கில், அவர்கள் ஊரில், மறு ஆட்டம். கணுக்கால் பிசகிவிட்டது என்று ஆர்லோவிடம் சொன்னேன்.

"நேத்து மாடிப்படியில ரெண்டு ரெண்டா ஏறினியே" என்றான்.

"அதுக்கப்புறம்தான்."

அவன் கதவைச் சாத்திவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தான். ஆர்லோ அதிகம் பேசுகிறவன் அல்ல. அணி வேண்டுமென்று மூன்று வருடம் மனு எழுதி, முரட்டு ஆட்டம் என்று மறுத்த கல்லூரித் தலைவரிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கியவன். இன்னும் ஒரு புகார் வந்தால் நிலவறையைப் பூட்டிவிடுவார்கள்.

"நான் அன்னிக்குப் படிக்கு நேர் எதிர்ல நின்னுட்டிருந்தேன், ஹால்வர்" என்றான். "நான் எதையும் பாக்கலைன்னு முடிவு பண்ணிட்டேன். நீயும் அப்படியே முடிவு பண்ணிக்க. நீ வரலைன்னா, ஏன் வரலைன்னு கேப்பாங்க."

அதுவரை எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவன் போன பிறகு எழுந்து கதவைத் தாழிட்டேன்.

சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம். கிரேக்கம் கற்பிக்கும் பேராசிரியர் லூமிஸ் எங்களோடு ரயிலில் வந்தார். வழியெல்லாம் தூங்கினார். லார்ச்க்ரீக்கில் ஆட்டம் நகர மன்றத்தில். உள்ளே நுழைந்ததும் கல் எறிவார்கள், குறைந்தது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தோம். நானூறு பேர் மேலங்கிகளோடு வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. எங்கள் காலணிகள் பலகையில் கிறீச்சிடுவது கேட்டது. தாட் என் காதருகே, "நம்ம சவ அடக்கத்துக்கு வந்த மாதிரி உக்காந்திருக்காங்கடா" என்றான்.

முதல் வரிசையில் கம்பளித் தொப்பியோடு எம்மட் ரஸ்க் இருந்தான். இளைத்திருந்தான். பக்கத்தில் அவன் அப்பா, அகன்ற தோள்களோடு, கைத்தடிமேல் இரண்டு கைகளையும் வைத்தபடி. முதல் பாதி முழுவதும் அந்தப் பக்கம் திரும்பாமல் ஆடினேன். எட்டுக்குப் பன்னிரண்டு என்று பின்தங்கியிருந்தோம்.

இடைவேளையில் எங்களுக்கு மேடைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க நடைவழிக்கு வந்தேன். வாளிக்குப் பக்கத்தில் ரஸ்க் நின்றிருந்தான்.

"நீதானே நைகார்ட்? அன்னிக்கு என்கூட ஓடினது நீதான்னு சொன்னாங்க."

தலையாட்டினேன்.

"எனக்கு ரயிலேறி உங்க ஊருக்கு வந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கு. ஆட்டம் சுத்தமா இல்ல." அவன் நடைவழியின் இரண்டு பக்கமும் பார்த்தான். அப்போதுதான் கவனித்தேன், அவனும் பயந்திருந்தான். என்னைவிட அதிகமாக. "ஒண்ணு கேக்கணும். நான் எப்படி விழுந்தேன்? பேப்பர்ல போட்ட மாதிரி கால் இடறிச்சா? இல்ல, சும்மா ஓடிட்டிருக்கும்போதே... கட்ட மாதிரி விழுந்தேனா?"

"ஏன் கேக்கற?"

"எங்க அத்தைக்குக் காக்கா வலிப்பு இருந்துச்சு. தெற்க வலிப்புக்காரங்களை வைக்கிற இடம் ஒண்ணு இருக்கில்ல, அங்கதான் செத்தாங்க. சமதரையில காரணமில்லாம விழுந்திருக்கேன், அதுவும் வலிப்பாத்தான் இருக்கும்னு டாக்டர் சொல்றார். அப்படி எழுதிட்டார்னா காலேஜ்ல திரும்பச் சேர்க்க மாட்டாங்க. எந்தப் பள்ளிக்கூடத்துலயும் வாத்தியார் வேலை கிடையாது. அப்பா எதுவும் சொல்றதில்ல. ஆனா ராத்திரி என் கதவை வெளிய பூட்டறார்." தொப்பியைக் கழற்றினான். பின்னந்தலையில் மழித்த இடத்தில் முடி அரை விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. "நீ பக்கத்துல இருந்திருக்க. வாய் கோணிச்சா? கை இழுத்துச்சா? எதுவா இருந்தாலும் சொல்லு. நான் தாங்கிக்குவேன்."

உள்ளிருந்து ஆர்லோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"தெரியல" என்றேன். "நான் பந்தைப் பாத்துட்டிருந்தேன்."

ரஸ்க் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டான். "ஆமா, பந்தைத்தானே பாப்போம்" என்றான். "பரவால்ல. மன்னிச்சுக்கப்பா, தொந்தரவு பண்ணிட்டேன்."

இரண்டாம் பாதியில் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கூடை விழுந்தால் பந்து நடுவுக்கு வரும், தாட் குதிப்பான், மறுபடி ஓட்டம். ஒரு முறை பந்து கோட்டைத் தாண்டி முதல் வரிசைக்கு உருண்டது. லார்ச்க்ரீக் ஆள் பாய்ந்தான். நான் இரண்டடி ஓடி நின்றுவிட்டேன். ரஸ்க்கின் அப்பா பந்து வருமுன்பே எழுந்து மகனுக்கு முன்னால், அவனைப் பார்த்தபடி நின்றுகொண்டார். பந்து அவர் காலில் பட்டுத் திரும்பியது. அவர் அசையவில்லை. அவர் கண் பந்தில் இல்லை, என்மேல் இல்லை, மகனின் கைகளில் இருந்தது. அவை இழுக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்துநாலுக்குப் பத்தொன்பது என்று தோற்றோம். ஆறு மணி ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. ஆர்லோ எங்களை அவசரப்படுத்தினான். அவன் முகத்தில் தோற்ற வருத்தமே இல்லை. பிரச்சினை இல்லாமல் முடிந்த நிம்மதிதான் இருந்தது. வேர்வைச் சட்டைமேலேயே மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தோம். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. பேராசிரியர் லூமிஸ் வண்டியில் ஏறிவிட்டார். எனக்கு ஒரு காலை வண்டிப்படியில் வைத்தது வரைக்கும் போக வேண்டும் என்றுதான் இருந்தது. திரும்பி வந்ததற்கு என்ன காரணம் என்று இன்றுவரை யோசிக்கிறேன். துணிச்சல் இல்லை. அவன் கதவு வெளியே பூட்டப்படும் சத்தம் இனி என் அறையில் கேட்கும் என்று தோன்றியது.

"கையுறையை விட்டுட்டேன்" என்றேன். என் கையுறைகள் கையில்தான் இருந்தன. ஆர்லோ அவற்றைப் பார்த்தான்.

"வேணாம்டா" என்றான். "ஹால்வர், எங்க எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்றேன். வேணாம்."

மன்றம் காலியாகிக்கொண்டிருந்தது. நாற்காலிகளை அடுக்கும் சத்தம். ரஸ்க் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா தூரத்து மூலையில் நான்கைந்து பேரோடு நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தார். நான் எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை.

"உனக்கு வலிப்பு வரல" என்றேன்.

அவன் நிமிர்ந்தான்.

"நான்தான் தள்ளினேன். பின்னாலேர்ந்து. நல்லாத்தான் ஓடிட்டிருந்த. நான் தள்ளாட்டி பந்தை எடுத்திருப்ப."

"கை தெரியாம பட்டுச்சா?"

"இல்ல. வேணும்னேதான் தள்ளினேன்."

"மறுபடி சொல்லு."

சொன்னேன். அவன் கண்களை மூடினான். உதடு நடுங்கியது. ஒரு கணம், ஐயோ, இப்போதுதான் வலிப்பு வரப்போகிறது, இதையும் நான்தான் வரவழைத்துவிட்டேன் என்று உறைந்துபோனேன். அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான் என்று நினைத்தேன். பிறகு கண்ணீர் கன்னத்தில் இறங்குவதைப் பார்த்தேன். அவன் என் மேலங்கிக் கையைப் பிடித்தான். பலவீனமானவன் என்று நினைத்திருந்தேன். பிடி இரும்பாக இருந்தது.

"அப்பா!" என்று கத்தினான். மன்றம் முழுக்க எதிரொலித்தது. "அப்பா, இங்க வாங்க! இவன் என்ன சொல்றான்னு கேளுங்க!"

நாற்காலிச் சத்தம் நின்றது. வாசலில் ஆர்லோ நின்று, "ஹால்வர், ரயிலு!" என்றான். அதை முதல்முறை சொன்னபோது இருந்த சத்தம் இரண்டாம் முறை இல்லை. வால்டர் ரஸ்க் கையிலிருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தார். ஓரமாகச் சுற்றி வராமல் ஆடுகளத்தின் குறுக்காகவே, கனத்த பூட்ஸ்களோடு, நடுவட்டத்தை மிதித்து எங்களை நோக்கி நடந்து வந்தார். வரும்போதே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, காம்புகளை ஒவ்வொன்றாக மடித்து, மேலங்கியின் உள்பையில் வைத்துக்கொண்டார்.