கண்டக்டரம்மாவின் முழங்கால்

ஆஸ்பத்திரியின் செயற்கைக் கால் பொருத்தும் கூடத்தில் எல்லோரும் அவரைக் கால் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டாக்டர் இல்லை, டெக்னீஷியன். "டாக்டர்னு சொல்லாதீங்க, நிஜ டாக்டர் காதுல விழுந்தா எனக்குத்தான் வம்பு" என்று இருபது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். யாரும் கேட்பதாக இல்லை. அவரும் உள்ளுக்குள் அதை ரசிக்காமல் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அவருக்கு எதிரே இரண்டு தலைவலிகள். ஒன்று, மேசைமேல் புதுமாப்பிள்ளை போல மினுக்கிக்கொண்டிருந்த லேப்டாப். இன்னொன்று, நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டரம்மா.

கண்டக்டரம்மாவுக்குப் பதினோரு வருடத்துக்கு முன்னால் பஸ் விபத்தில் இடது கால் தொடைக்குக் கீழே போய்விட்டது. போக்குவரத்து நிர்வாகம் அவருக்கு உயர்ந்த ரகக் கால் ஒன்றை வாங்கிக் கொடுத்தது. அதன் முழங்கால் மூட்டுக்குள்ளேயே ஒரு குட்டி கம்ப்யூட்டர். எப்போது மடங்க வேண்டும், எப்போது விறைத்து நின்று எடையைத் தாங்க வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். அந்தக் காலோடு மறுபடி பஸ் ஏறியவர், இன்றுவரை ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கிழிக்கிறார்.

இப்போது மூட்டின் பேட்டரி தீர்ந்து புதிது போட்டாயிற்று. பேட்டரி மாற்றினால் மூட்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் மரக்கட்டை. திங்கட்கிழமை காலை டிப்போவில் உடல் தகுதித் தேர்வு. புதிதாக வந்த மேனேஜர், தேறாதவர்களை எல்லாம் பஸ்ஸிலிருந்து இறக்கி உள்ளே உட்கார வைக்கப்போகிறார்.

"ஜன்னலுக்குப் பின்னால உக்காந்து பாஸ்ல முத்திர குத்தச் சொல்வாங்க சார். அதுக்கு நான் வீட்லயே இருந்துடுவேன்" என்றார் கண்டக்டரம்மா. குரல் கறாராக இருந்தாலும் கை மட்டும் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

பிரச்சினை மூட்டில் இல்லை. அதோடு பேசுகிற மென்பொருளில் இருந்தது. அதை எழுதிய கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. மூலையிலிருந்த கிழட்டுக் கம்ப்யூட்டரில்தான் அது இத்தனை நாள் ஓடியது. இரண்டு வாரத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் புகை கக்கிச் செத்தது. உள்ளே இருந்த நோயாளிகளின் அளவுகளும் கூடவே போயின. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு ஆள் வந்து பார்த்துவிட்டு, புது லேப்டாப்பைக் கையில் கொடுத்து, "பழச தலமுழுகிடுங்க சார்" என்றார். சொல்வதற்கு அவருக்கென்ன, அவருடைய இரண்டு காலும் அவரிடம் இருந்தன.

நல்லவேளையாக அந்த மென்பொருளின் சிடி பீரோவில் இருந்தது. ஆனால் புது லேப்டாப்பில் சிடி போட இடமில்லை. பக்கத்து அறையில் கெஞ்சி, சிடி ஓட்டும் பெட்டி ஒன்றை வாங்கி வந்து இணைத்தார். 'இந்தக் கம்ப்யூட்டரில் இது இயங்காது' என்று லேப்டாப் கறாராகச் சொன்னது. பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடி என்று அதற்கு ஆணையிடும் வழி ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, நான்கு தடவை தோற்று, ஐந்தாம் தடவை மென்பொருளை உள்ளே ஏற்றினார். பிறகு மூட்டின் ஒயரைச் செருக லேப்டாப்பில் துளை இல்லை. அதற்கு ஓர் அடாப்டர் தேடினார். மதியச் சாப்பாட்டை மறந்தார்.

"கொஞ்ச நேரம் உக்காருங்க சார். காலைலேருந்து நீங்க ஒத்தக் கால்ல நிக்கறீங்க. அது என் வேல" என்றார் கண்டக்டரம்மா. இருவரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் சிரித்தது அத்தோடு சரி.

இரண்டு மணிக்கு மென்பொருள் திறந்தது. ஆனால் எழுத்தெல்லாம் எறும்பு அளவு. புதுத் திரையின் நுணுக்கம் அந்தப் பழைய மென்பொருளுக்குப் பிடிபடவில்லை. கேள்வி கேட்கும் பெட்டிகள் திரையின் அடிவிளிம்புக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டன. மூட்டை இணைத்ததும் ஒரு கேள்வி வந்தது. கேள்வியில் பாதி விளிம்புக்குக் கீழே. கண்ணில் பட்ட பொத்தான் ஒன்றே ஒன்று, 'சரி'. கால் டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், சரி என்றார். என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமலே சரி சொல்வது நம் எல்லோருக்கும் கைவந்த கலைதானே.

மூட்டு மூன்று தடவை கூவியது. அதற்குப் பிறகுதான் அவர் ஒரு வழியாகப் பெட்டியை மேலே இழுத்து முழுக் கேள்வியையும் படித்தார். இது புதிய கம்ப்யூட்டர், மூட்டிலுள்ள பழைய அளவுகளை அழித்துவிட்டு ஆலையில் வைத்த அளவுகளைப் போடட்டுமா என்று கேட்டிருந்தது.

கண்டக்டரம்மா எழுந்து இரண்டு கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நடந்தார். மூன்றாவது அடியில் நின்றுவிட்டார்.

"சார், இது வேற யாரோ நடக்கற மாதிரி இருக்கே."

மழுப்பிவிடலாம், பேட்டரி புதிது, பழகிவிடும் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

"நான் அழிச்சுட்டேம்மா. தெரியாம அமுக்கிட்டேன். உங்க அளவெல்லாம் போயிடுச்சு."

"பதினோரு வருஷ அளவா?"

"ஆமா."

கண்டக்டரம்மா கம்பியைப் பிடித்தபடி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. திட்டியிருந்தால் கால் டாக்டருக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

கால் டாக்டர் சாயங்காலம்வரை நடைக்கான எண்களை ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கம்பிகளுக்கு நடுவே நடை ஓரளவு தேறியது. ஆனால் கண்டக்டரம்மா தலையை ஆட்டினார்.

"இது நடக்கற காலு சார். எனக்கு வேண்டியது நிக்கற காலு. பஸ்ஸு பிரேக் போடும்போது நிக்கணும், வளையும்போது நிக்கணும். இந்தத் தரை ஆடுதா என்ன?"

பிறகு கண்டக்டரம்மாவே போனை எடுத்து, ஒன்பது வருடமாகத் தன்னோடு ஓட்டுகிற டிரைவரைக் கூப்பிட்டார். "அண்ணே, நாளைக்குக் காலைல வண்டியக் கழுவ எடுத்துட்டுப் போறீங்கல்ல? நானும் வரேன். கூட டாக்டரும் வருவாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை காலி பஸ் டிப்போவை விட்டுக் கிளம்பியது. முன்சீட்டில் மடியில் லேப்டாப்போடு கால் டாக்டர். சீட்டுகளுக்கு நடுவே நின்றபடி கண்டக்டரம்மா. லேப்டாப்பிலிருந்து அவர் முழங்காலுக்கு ஒரு நீள ஒயர். கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்டது போல இருந்தது. யார் கன்று, யார் கட்டியவர் என்றுதான் தெரியவில்லை.

"ரெடியா டாக்டரே? வளைவு வருது" என்று டிரைவர் கத்தினார். லேப்டாப் சரிந்தது. கால் டாக்டரும் சரிந்தார். கண்டக்டரம்மா ஒரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்து உட்கார வைத்தார்.

எடை விழும்போது மூட்டு எவ்வளவு விறைப்பாக நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியமான எண். நேற்று நடை எண்களோடு மல்லாடியதில் அதைத் தொடவே இல்லை. அது அவருக்கு மனப்பாடம், தொண்ணூறு. போட்டார்.

"ம், இதுதான் பழைய காலு" என்றார் கண்டக்டரம்மா. கால் டாக்டருக்கு உயிர் வந்தது. லேப்டாப்பை மூடப் போனார்.

"இருங்க சார். இன்னும் கொஞ்சம் லூஸா விடுங்க."

"எதுக்கும்மா? அதான் வந்துடுச்சே."

"விடுங்களேன்."

எண்பத்தைந்து போட்டார். பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. "இன்னும்" என்றார் அவர். எண்பது. எழுபத்தைந்து. டிரைவர் பிரேக் அடித்தபோது கண்டக்டரம்மாவின் முழங்கால் லேசாக மடங்கிக் கொடுத்து மறுபடி நிமிர்ந்தது. அவர் எதையும் பிடிக்கவில்லை. எழுபதில் கால் டாக்டர் கையை எடுத்துவிட்டார்.

"இதுக்கு மேல வேண்டாம்மா. மடங்கிடும். முதல்ல மாட்டினப்போ நீங்க விழுந்துடுவோம்னு ரொம்ப பயந்தீங்க, அதனாலதான் தொண்ணூறு வெச்சோம்."

"நானா பயந்தேன்?"

முன்னாலிருந்து டிரைவர் சிரித்தார். "தங்கச்சியா? பயமா?"

"பயந்தது நீங்க சார்" என்றார் கண்டக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "அந்த ரகத்துல நீங்க மாட்டின முதல் காலு என்னுது. உங்க கை நடுங்கிச்சு. நான் பாத்தேன்."

கால் டாக்டருக்கு முகம் சூடாகிவிட்டது. நடுங்கியது உண்மை. அவர் மறந்துவிட்டிருந்தார், அல்லது மறந்துவிட்டதாக நினைத்திருந்தார்.

"அப்படின்னா இத்தன வருஷம் ஏம்மா சொல்லல?"

"சொன்னேனே. முதல் வருஷம் ஒரு தடவ, மூணாம் வருஷம் ஒரு தடவ. கொஞ்சம் இறுக்கமா இருக்கு சார்னு. 'நம்பர் கரெக்டா இருக்கும்மா'ன்னு சொன்னீங்க. என்னப் பாத்துச் சொல்லல, கம்ப்யூட்டரப் பாத்துச் சொன்னீங்க. அப்புறம் நான் கேக்கறத விட்டுட்டேன்."

கால் டாக்டர் லேப்டாப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பதினோரு வருடமாக ஒரு மனுஷி இவருடைய பயத்தைக் காலில் மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்.

"எவ்வளவு வேணும்? சொல்லுங்க" என்றார்.

"நான் போதும்னு சொல்றவரைக்கும்."

அறுபத்திரண்டில் போதும் என்றார். பஸ் கழுவுகிற இடம் வந்துவிட்டது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். "திங்கக்கிழம அந்த மேனேஜரக் கூட்டிட்டு வந்து ஓடற வண்டில தங்கச்சி பக்கத்துல நிக்க வெக்கணும் டாக்டரே, யாரு விழறாங்கன்னு பாப்போம்" என்றார். கால் டாக்டர் ஒயரைக் கழற்றினார்.

அந்தக் கால் மாட்டிய நாளிலிருந்து கண்டக்டரம்மா பஸ்ஸிலிருந்து இறங்குவது ஒரே விதமாகத்தான். ஒரு படியில் இடது கால், அதே படிக்கு வலது கால், அப்புறம்தான் அடுத்த படி. குழந்தைகள் இறங்குவது போல. விறைத்த மூட்டு படியில் மடங்கிக் கொடுக்காது. இப்போது அவர் படிக்கட்டின் மேலே நின்று கீழே பார்த்தார். கால் டாக்டர் பதறிப்போய் முதலில் இறங்கி, படிக்கு நேர் கீழே நின்று, விழுந்தால் தாங்கிப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டார். கை இன்றைக்கும் நடுங்கத்தான் செய்தது.

"தள்ளி நில்லுங்க சார்" என்றார் கண்டக்டரம்மா. "எறங்கறவங்களுக்கு வழி விடுங்க."

அவர் தள்ளி நின்றார். கண்டக்டரம்மா ஒரு படிக்கு ஒரு கால் வைத்து இறங்கி வந்தார்.